இடது பக்கம் பார்க்காதவர்கள்

கலியபெருமாள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். வலது கையைத் தூக்கி, உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். இடது கண் திறந்தேதான் இருந்தது. அந்தக் கண்ணால் நேராக என் பக்கம் பார்த்தார்.

“இப்ப எனக்கு மேடம் தெரியலைங்க” என்றார். “முதலாளி தெரியல. நீங்க யாருமே தெரியல. புகை மூட்டமா வெளிச்சம் மட்டும் இருக்கு.”

ஷெட் நிறைய டிரைவர்களும் கண்டக்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் ஒரு பழைய டயருக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. 

என் கையில் டீ கிளாஸ் இருந்தது. அதை மேஜையில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். கை நகரவில்லை.

அன்று காலை முதல் ட்ரிப்பை ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர். கொட்டுகிற மழையில், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு போன கூட்டத்தோடு. அந்தக் கூட்டத்தில் என் மகளும் இருந்தாள். கும்பகோணத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். “கலியபெருமாள் மாமா பஸ்லயே போ, பத்திரமா இருக்கும்” என்று அவளுக்குச் சொல்லியிருந்தது நான்தான்.

காலண்டரிடம் பேசியவர்கள்

இந்த வாரம்தான் இந்தத் தொடரைக் கையில் எடுப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் வேலை பார்த்தது தஞ்சாவூர்–கும்பகோணம் தடத்தில் ஓடிய ஒரு தனியார் பஸ் கம்பெனியில். பெயர் வேண்டாம். ஷெட் ஊருக்கு வெளியே, வயலை ஒட்டி இருந்தது. கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தேன். முதலாளிக்கு இருதய ஆபரேஷன் நடந்து, டாக்டர்கள் அலையக் கூடாது என்று சொன்ன பிறகு, ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மேலாளர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

அந்த நாற்காலியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் தண்டபாணி. முதலாளியின் மனைவிக்குத் தம்பி. எந்தப் பஸ்ஸை யார் எடுப்பது, எந்த ட்ரிப் யாருக்கு என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் நான் ஒன்று சொன்னால், “செஞ்சிடலாம் மேடம்” என்று சொல்லிவிட்டு அதை மட்டும் செய்ய மாட்டார்.

டிரைவர்கள் வேறு மாதிரி. ஒரு பெண்பிள்ளை தங்களுக்கு மேலே உட்கார்ந்திருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் அறைக்குள் வந்தால், என் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துத்தான் பேசுவார்கள். லீவு கேட்பது, பிரேக் சரியில்லை என்று சொல்வது, எல்லாம் அந்தக் காலண்டரிடம்தான். ஒரு பண்டிகைக்கு நான் லீவு போட்டு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, “இத்தனை நாளும் காலண்டர்கிட்டயே பேசி முடிச்சிருக்கலாமே” என்று, லீவு கேட்க எனக்காகக் காத்திருந்த ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை கீழே இறங்கி என் முகத்துக்கு வந்தது.

அவர்கள் எல்லோரும் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் கலியபெருமாள். எல்லோருக்கும் கலியண்ணன். வாரிய தலை, தோளில் வெள்ளைத் துண்டு, அதிகம் பேச மாட்டார். அவர் பஸ்ஸை ஷெட்டுக்குள் எப்படித் திருப்பி நிறுத்துகிறாரோ அப்படியே மற்றவர்களும் நிறுத்துவார்கள். அவர் ஹாரனை ரெட்டையாகத் தட்டினால் எல்லா பஸ்ஸும் ரெட்டையாகத் தட்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவன் முதலில் வாங்குவது ஒரு வெள்ளைத் துண்டாகத்தான் இருக்கும்.

நெல் காப்பாற்றிய தலை

எங்கள் தடத்தில் பஸ் ஓட்டுவது என்றால் ஓடுவதுதான். முன்னால் போகிற பஸ்ஸுக்கும் பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் நடுவில் மூச்சுவிட நேரம் இருக்காது. நம் பஸ் அய்யம்பேட்டையில் நிற்கும்போது, பின்னால் அடுத்த கம்பெனி பஸ்ஸின் மூக்கு தெரியும். ராஜகிரியில் அது முந்தினால், பாபநாசத்துக் கூட்டம் முழுக்க அதில் ஏறிவிடும். அதனால் பாபநாசத்துக்குள் யார் முதலில் நுழைவது என்று ஒரு போட்டி. வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத்தோப்பும் ஜன்னலில் பச்சைக் கோடாக ஓடும். பயணிகளில் பாதிப் பேர் திட்டுவார்கள். மீதிப் பேர், “அவன் வர்றான் பாரு, விடாதீங்க” என்று டிரைவரை உசுப்பிவிடுவார்கள்.

நான் மேலாளராகி முதல் குறுவை அறுவடை. ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். கும்பகோணத்திலிருந்து வரும்போது பாபநாசத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பெண் மொபெட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெயர் மல்லிகா. பாபநாசத்தில் ஒரு ஜவுளிக்கடையில் தையல் பிரிவில் இருந்தவள். நெல்லைச் சுற்றி அவள் ஒதுங்கி வரும்போது, அவளைத் தாண்டிய எங்கள் பஸ், நிறுத்தத்தில் நிற்பதற்காக இடது பக்கம் ஒடித்தது. பஸ்ஸின் பக்கவாட்டு அவளைத் தட்டியது.

நெல்லின் மேல் போய் விழுந்தாள். அதனால் தலை தப்பியது. கை இரண்டு இடத்தில் முறிந்தது.

ஓட்டியவர் கலியபெருமாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் தண்டபாணி எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார். “நெல்லைச் சுத்திக்கிட்டு அந்தப் பொண்ணு நடு ரோட்டுக்கு வந்திடுச்சு மேடம். நம்ம ஆளு மேல தப்பு இல்ல. பாத்தவங்களே சொல்றாங்க.” ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றது. கலியபெருமாள் சில நாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி பஸ் எடுத்தார்.

எனக்கு அந்தப் பெண் கட்டிலில் கிடந்தது கண்ணை விட்டுப் போகவில்லை. தலைமுடிக்குள் நெல்மணிகள் ஒட்டியிருந்தன. ஒரு நர்ஸ் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

ரேஸை நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஷெட் சுவரில் அறிவிப்பு ஒட்டினேன். அதற்கு ஒரு வார ஆயுள்கூட இல்லை. முதலாளியிடம் போனேன்.

“அறிவிப்பெல்லாம் யாரு படிக்கிறா? கலியபெருமாளைப் புடிங்க. அவன் மெதுவா ஓட்டுனா எல்லாரும் மெதுவா ஓட்டுவானுங்க” என்றார்.

“அவன் குடுமி என் கையில”

பிடிப்பதற்கு முன்னால் பார்க்கலாம் என்று, சில நாள் காலையில் வெவ்வேறு பஸ்களில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். இடது பக்கம், பெண்கள் சீட். அங்கிருந்து டிரைவர் நன்றாகத் தெரிவார்.

ஒன்றைக் கவனித்தேன். நிறுத்தத்தில் நிற்க இடது பக்கம் ஒடிக்கும்போது எங்கள் டிரைவர்களில் பலர் இடது கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை. கண் நேராக ரோட்டில், முகம் அசையாது. கைமட்டும் ஸ்டியரிங்கைச் சுழற்றும். பிரபு என்று ஒரு டிரைவர், சேர்ந்து அதிக நாள் ஆகாதவர். அவரிடம் கேட்டேன்.

“லெஃப்ட்ல பாக்க மாட்டீங்களா பிரபு?”

“கலியண்ணன் பாக்கவே மாட்டாரு மேடம். அளவு அப்படியே கையில இருக்கும் அவருக்கு.” சொல்லும்போது பிரபுவுக்குப் பெருமை. “எங்களுக்கும் இப்பத்தான் வருது.”

ஏதோ டிரைவர்களின் மிடுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் தண்டபாணி என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“அத்தான் சொன்னாரு. கலியபெருமாளை வழிக்குக் கொண்டுவரணுமாமே. எதுக்கு மேடம் இவ்வளவு சிரமம்? அவன் குடுமி என் கையில இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே உங்க முன்னாடி வந்து நிப்பான். என்ன சொன்னாலும் செய்வான்.”

“என்ன குடுமி?”

“அது எங்களுக்குள்ள. உங்களுக்கு வேலை ஆகணும், அவ்வளவுதானே?”

மறுபடி கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை.

“எனக்கு அவரு குடுமி வேண்டாம் சார்” என்றேன். “குடுமியைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா, கையை விட்டதும் போயிடுவாரு. அவரா வரட்டும்.”

“நீங்க புத்தகம் படிச்சவங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு அந்த நாள் முழுவதும் ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு மனிதனைப் பற்றி இப்படி ஒருவர் அமைதியாகச் சொல்ல முடிகிறதே என்று.

மூன்று முறை கேட்ட கேள்வி

கலியபெருமாளைக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். ட்ரிப்புக்கு நடுவில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். நானும் ஒரு டீ சொன்னேன்.

“அண்ணே, நான் உங்களுக்கு அட்வைஸ் பண்ண வரல. எனக்கு ஒண்ணு தெரியணும். இந்தத் தடத்துல மெதுவா ஓட்டணும்னா என்ன வேணும்?”

கிளாஸைச் சுற்றிச் சுற்றி உருட்டினார்.

“டயம் வேணும் மேடம். முன்னாடி வண்டி கிளம்பி அஞ்சு நிமிஷம்கூட ஆகல, நம்மளை எடுங்கிறாங்க. பின்னாலேயே அடுத்தவன். மனசு இருந்தா மட்டும் மெதுவா ஓட்டிட முடியுமா?” நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அப்புறம் அந்தக் கிரீடம்.”

எங்கள் கம்பெனிக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருந்தது. அன்றைக்கு யார் பஸ்ஸில் வசூல் அதிகமோ, அவர் படத்தின் தலையில் ஒரு தங்கக் கிரீடத்தை ஒட்டி, தினமும் சாயங்காலம் தண்டபாணி அதில் போடுவார். பெரும்பாலும் கலியபெருமாள் படம்தான். எல்லோரும் கைதட்டுவது போலப் பொம்மை போடுவார்கள்.

“அதைப் பாத்துட்டு மறுநாள் எவன் மெதுவா ஓட்டுவான்? என் தலையில கிரீடத்தைப் பாத்தாலே போனை அணைச்சுப் பையில போட்டுடுவேன்” என்றார்.

பெருமையாக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இரண்டையும் சரிசெய்யக் கொஞ்ச காலம் பிடித்தது. போட்டிக் கம்பெனி மேலாளரின் வீடு தாராசுரத்தில். அங்கே போய்ப் பேசினேன். அவருக்கும் தூக்கமில்லாத ராத்திரிகள் இருந்திருக்கின்றன. இரண்டு பேரும் இடைவெளி விட்டு வண்டியை எடுப்பதென்று ஒப்புக்கொண்டோம். கிரீடத்தை நிறுத்தும்படி முதலாளியைக் கொண்டே தண்டபாணிக்குச் சொல்லவைத்தேன். அவர் முகம் கறுத்தது.

பிறகு ஷெட்டில் எல்லோரையும் கூட்டிப் பேசுவதென்று ஏற்பாடு. முதல் நாள் கலியபெருமாளைப் பார்த்தேன்.

“நாளைக்கு நீங்க ரெண்டு வார்த்தை பேசினா நல்லா இருக்கும்ணே. ஆனா கட்டாயம் இல்ல. பேச மாட்டேன்னு சொன்னாலும் உங்க டூட்டி மாறாது, ட்ரிப் மாறாது.”

“பேசலைன்னா ஒண்ணும் ஆகாதா?”

“ஆகாது.”

“நிசமா ஒண்ணும் ஆகாதா மேடம்?”

“என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது.”

போனவர் வாசல் வரை சென்று திரும்பினார். “தண்டபாணி சாரு வேற மாதிரி சொன்னாலும்?”

“யார் சொன்னாலும். டூட்டி சம்பந்தமா கடைசி வார்த்தை என்னோடது.”

தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒரே கேள்வியை ஏன் மூன்று முறை கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

பொத்திய கை

புரிந்தது மறுநாள், அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றபோது.

கையை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துப் பேசினார். இடது கண்ணில் அழுத்தம் ஏறி, மெள்ள மெள்ளப் பார்வை போயிருக்கிறது. தெரியவந்தபோது பாதிக்கு மேல் போய்விட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்க உடம்புச் சான்றிதழ் வாங்க வேண்டிய சமயத்தில் அழுதுகொண்டு தண்டபாணியிடம் போய் நின்றிருக்கிறார். தண்டபாணி யாரையோ பிடித்து, இவர் கண்ணைப் பார்க்காமலேயே ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

“அப்ப சாமி மாதிரி தெரிஞ்சாரு. அப்புறம்தான் ஆரம்பிச்சுது. நீ முன்னாடி ஓடு, அவனுங்க பின்னாடி ஓடி வருவானுங்க. ஓடலைன்னா கண்ணு விஷயம் வெளிய வரும், அப்புறம் பஸ்ஸை மறந்துடுன்னு. நான் ஓடினேன்.”

யாரோ இருமினார்கள். தண்டபாணி முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

“அந்த மொபெட்டுப் பொண்ணு நடு ரோட்டுக்கு வரல. ஒதுங்கித்தான் வந்திருக்கா. நான் அவளைப் பாக்கவே இல்ல. என் இடது பக்கம் ஒண்ணுமே இல்ல எனக்கு. கண்டக்டர் குரலை வச்சுத்தான் ஒடிப்பேன்.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “வேலை போயிடும்னு பயந்து பயந்துதான் இவ்வளவு நாளும் ஓட்டுனேன். பேசலைன்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு மேடம் நேத்து சொன்னாங்க. அந்த பயம் கொஞ்சம் விலகினதும், நான் என்ன செஞ்சுக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுது. இன்னிக்கிக் காலையில மழையில ஓட்டிட்டு வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் கண்டக்டர் ரெண்டு தடவை சொன்னப்புறம்தான் ஒடிச்சேன்.”

அப்போது பிரபு எழுந்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணே, நீங்க லெஃப்ட்ல பாக்க மாட்டீங்களே.”

“தெரியாதுடா. பாக்குறதுன்னா முழு மூஞ்சியையும் திருப்பணும். திருப்பினா நீங்க எல்லாம் கண்டுபுடிச்சிடுவீங்க. அதான் நேரா வச்சுக்கிட்டேன்.”

“நாங்க அதை ஸ்டைலுன்னு நினைச்சோம்ணே” என்றார் பிரபு. “உங்களைப் பாத்துத்தான் நாங்களும் பாக்காம ஒடிச்சோம். எல்லாரும். தினமும்.”

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி உறைந்ததில்லை. முதலில் ஒரு மனிதனின் கண் போனது அதிர்ச்சி. அதை ஒருவர் கயிறாகக் கட்டி இழுத்தது அடுத்த அதிர்ச்சி. ஆனால் இதற்கு முன்னால் அவை இரண்டும் ஒன்றுமில்லை. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்த ஒரு கூட்டமே, பார்வை போன ஒருவரைப் பார்த்து, இடது பக்கம் குருடாக ஓட்டியிருக்கிறது. யாரும் அவர்களை அப்படி ஓட்டச் சொல்லவில்லை. கலியபெருமாளும் சொல்லவில்லை.

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “எனக்குத் தெரியாதுடா, எனக்குத் தெரியாதுடா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து வந்து என் மேஜையில் வைத்தார்.

“டூட்டி மாறாதுன்னு வாக்கு குடுத்தீங்க மேடம். அதை நானே திருப்பிக் குடுத்துடறேன்.”

“சொன்னா கேட்பாங்க”

அன்று காலை அடுத்த ட்ரிப்புகளை நிறுத்தினேன். கலங்கிப்போயிருந்தவர்களிடம் பஸ்ஸைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. கூட்டம் கலைந்ததும் முதலாளி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் தண்டபாணியையும் மட்டும்.

“உண்மையா?” என்றார்.

“கம்பெனிக்காகத்தான் அத்தான்” என்றார் தண்டபாணி. பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: “முதல்ல உதவியாத்தான் செஞ்சேன். அவன் பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தாங்க. பாவமா இருந்துச்சு. அது எப்ப இப்படி ஆச்சுன்னு எனக்கே தெரியல.”

அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கியது.

முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டார். “நெஞ்சைக் கிழிச்சப்பகூட எனக்கு இவ்வளவு பயம் வரல.” பிறகு என்னைப் பார்த்தார். “மேடம், இது ஷெட்டை விட்டு வெளிய போகக் கூடாது. கலியபெருமாளை இறக்கிட்டோம், சரி. தண்டபாணியை நான் பாத்துக்கறேன். ஆனா வெளிய தெரிஞ்சா கம்பெனியே போச்சு. நீங்க போயி ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்பாங்க.”

கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும். காலண்டரைப் பார்த்துப் பேசியவர்கள் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். நான் போய் நின்று, “நம்ம கம்பெனி, நம்ம பொழப்பு, மனசுலயே வச்சுக்குங்க” என்றால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்காக.

“சொல்ல மாட்டேங்க” என்றேன்.

“ஏன்?”

“கேட்பாங்கன்னுதான்.”

அவருக்குக் கோபம் வந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. என் கணவர் அப்போது வேலை இல்லாமல் இருந்தார்.

“ஐயா, வேற ஒண்ணு சொல்லச் சொல்லுங்க, ஓடிப்போயி சொல்றேன். எல்லாரும் நல்ல ஆஸ்பத்திரியில கண்ணைக் காட்டணும்னு சொல்றேன். கண்ணுல குறை இருந்தா பயப்படாம சொல்லுங்க, ஷெட்ல வேற வேலை உண்டுன்னு நீங்க வாக்கு குடுத்தா, அதைச் சொல்றேன். அந்த மல்லிகா வீட்டுக்குப் போயி உண்மையைச் சொல்றேன். இதை மறைக்கச் சொல்லி மட்டும் கேக்காதீங்க. இன்னிக்கு அவங்களை வாயை மூட வச்சேன்னா, நாளைக்கு பிரேக் போச்சுன்னாகூட என்கிட்ட வந்து சொல்ல மாட்டாங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சம்பா நடவு முடிந்த வயலில் தண்ணீர் வழிய நின்றது. கொக்குகள் நடந்துகொண்டிருந்தன.

“எங்க அக்கா பையன் டாக்டரா இருக்கான் தஞ்சாவூர்ல” என்று கடைசியில் சொன்னார். “கண்ணுக்கு யாரைப் பாக்கலாம்னு அவன்கிட்ட கேளுங்க.”

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா டிரைவர்களும் கண் பரிசோதனைக்குப் போனார்கள். சிலருக்குக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. ஒருவர் தானே வந்து, “மேடம், எனக்கு ராத்திரியில எதிர் லைட்டுல ஒண்ணும் தெரியறதில்ல” என்றார். அவருக்குப் பகல் ட்ரிப் கொடுத்தோம். தண்டபாணி பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்த குடும்பத்துத் தென்னந்தோப்பைப் பார்க்கப் போய்விட்டார். வழக்கும் இன்சூரன்ஸும் அவற்றின் வழியில் நடந்தன. கம்பெனி அடிபட்டது, ஆனால் மூடவில்லை. ரேஸ் அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இடது பக்கம் ஒடிக்கும்போது எங்கள் டிரைவர்கள் தலையைத் திருப்பினார்கள். முன் சீட்டில் உட்கார்ந்து நானே பார்த்தேன்.

மல்லிகா வீட்டில்

மல்லிகா வீட்டுக்கு நானும் கலியபெருமாளும் போனோம். கார்த்திகை முடியும் சமயம். சுந்தரப்பெருமாள்கோவில் பக்கம் உள்ளே போகிற ஒரு கிராமம். போகிற வழியெல்லாம் அவர் துண்டை முறுக்கிக்கொண்டே வந்தார். “நான் சொல்லிடறேன் அண்ணே, நீங்க பக்கத்துல நின்னாப் போதும்” என்றேன். “இல்லீங்க, நானே” என்றார்.

வாசலில் மல்லிகா உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. மொபெட் தாழ்வாரத்தின் ஓரத்தில் சாக்கு போட்டு மூடி நின்றது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். நான் அவரைக் காட்டி, “இவருதான் அன்னிக்கு பஸ்ஸை ஓட்டினவரு” என்றேன். அவள் முகம் இறுகியது.

கலியபெருமாள் கும்பிட்டார். உட்காரவில்லை.

“அம்மா, தப்பு ஒங்க மேல இல்ல. நீங்க ஒழுங்காத்தான் வந்தீங்க. எனக்கு இடது கண்ணு தெரியாது. தெரியாமலே ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒங்களை நான் பாக்கல.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். அவள் அவர் கண்ணையே பார்த்தாள். முதலில் ஒரு கண், பிறகு மற்றது. முறத்தைக் கீழே வைக்கப் போனாள். அது சரிந்து அரிசி தரையில் கொட்டியது. அதை அவள் கவனிக்கவில்லை.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவனும் மாமியாரும் உள்ளே இருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

“வண்டி ஓட்டத் தெரியாம நடு ரோட்டுக்குப் போனேன்னு சொன்னாங்க” என்றாள் மெதுவாக. “அன்னியிலேருந்து வண்டிச் சாவியை வாங்கி வச்சுக்கிட்டாங்க. வேலைக்கும் விடல. நானும் அப்படித்தான் போல, நான்தான் பாக்காம வந்துட்டேன் போலன்னு…”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வாசற்படியை விட்டு நகர்ந்து, கலியபெருமாளுக்கு வழிவிட்டு நின்றாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே” என்றாள். “உள்ள கேக்குற மாதிரி சொல்லுங்க.”

அவர் படி ஏறி, கதவருகே நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஷெட்டில்கூட அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று அந்தத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

உள்ளே டிவியின் சத்தம் நின்றது.